பிடரியில் விட்ட முடி

ஞாயிறு மதியம். மனைவியின் சலூனில், பாதி இறக்கிய ஷட்டருக்குள், லிஃப்ட் மெக்கானிக் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். இடுக்கு வழியே நுழையும் வெயில் தரையில் உதிர்ந்த முடிமேல் விழுகிறது, பாதிக்குமேல் நரை. கண்ணாடி மூலையில் அவள் செருகிய படத்தில் கிதாரைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறானே, பைக்கில் போய் விழுந்து இளவயதிலேயே செத்த ராக் பாடகன், அவனுக்கு மட்டும் ஒன்றுகூட நரைக்கவில்லை. இன்று அவன் நினைவு நாளாம், ரேடியோவில் போடுகிறார்கள். அந்தக் கரகரத்த குரல் எழும்பியதும் கத்தரிக்கோல் நிற்கிறது. “என்ன, தூங்கிட்டியா?” “தலைய ஆட்டாதீங்க.” கத்தரி மறுபடி நகர்கிறது, ஆனால் டிரம்ஸ் தாளத்துக்கு. இவர் பல்லைக் கடிக்கிறார். உயிரோடு இருப்பவன் என்றால் ஒரு கை பார்த்துவிடலாம். தொப்பை போடாத, குறட்டை விடாத இவனை என்ன செய்வது? பாட்டு முடிகிறது. அவள் பின்னால் கைக்கண்ணாடி பிடிக்கிறாள். மாசக்கணக்கில் வளர்ந்ததைக் காதோரம் ஒட்ட வெட்டியவள், பிடரியில் மட்டும் அப்படியே விட்டிருக்கிறாள். படத்தில் இருப்பவனுக்குப் போலவே அது காலரைத் தொட்டுச் சுருண்டு கிடக்கிறது. “ஐயையோ, ஏதோ ஞாபகத்துல விட்டுட்டேங்க. எடுத்துடறேன்.” சொல்கிறாளே தவிர, கத்தரியை எடுக்கவில்லை. விரல் அந்தச் சுருளிலேயே நிற்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவர் தலையை இப்படிப் பார்த்ததே இல்லை. வயிறு எரிகிறது. “பரவால்ல, இருக்கட்டும் விடு,” என்கிறார்.