பறக்கும் காட்சி

முகமூடிக்காரன் பறந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேகமெல்லாம் தலையணைப் பஞ்சு. இடுப்பில் மாட்டிய கம்பி டிவியில் பளிச்சென்று தெரிந்தது. இந்த லட்சணத்துக்கு இடிவேந்தன் தொடரை எட்டாவது வாரமே நிறுத்தியதில் என்ன ஆச்சரியம்.

தொடர் வந்தபோது அவள் கைக்குழந்தை. எந்தப் புண்ணியவானோ இப்போது யூடியூபில் ஏற்றியிருந்ததால் முதல்முறையாகப் பார்க்கிறாள். வசனம் பேசி, கதாநாயகியோடு சிரித்த இடிவேந்தன் வேறு யாரோ. முகமூடி போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து குதித்த இடிவேந்தன் அவளுடைய அப்பா தணிகாசலம். தொடக்கத்தில் ஓடிய பெயர்களில் அவர் பெயர் இல்லை. டூப்புக்கு யார் பெயர் போடுகிறார்கள்.

முகம் தெரியாவிட்டால் என்ன. அந்த இடது தோள் சரிவு போதும்.

"பழசையெல்லாம் போட்டுக் காட்டுங்க. கொஞ்சம் ஞாபகம் வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறதி நோயில் அப்பாவுக்குத் தெருப் பெயர் போனது. அம்மா இறந்தது போனது. மகள் மட்டும் மிச்சம். அதுவும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் அவள் தினமும் எழுந்தாள்.

தொடர் ஆரம்பித்ததும் அப்பா சோபா நுனிக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பலிக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அப்பா, இதோ பறக்கறது நீங்கதான்" என்று திரும்பினாள்.

சோபா காலியாக இருந்தது.

பால்கனிக் கதவு திறந்திருந்தது.

மூன்றாவது மாடி. பால்கனிக்குக் கம்பி போட ஆள் சொல்லியிருந்தாள். அவன் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, ஒரு காலைக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருந்தார்.



"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"ஃபிரேம்ல நிக்காதம்மா. தள்ளிக்க."

அது மகளிடம் பேசும் குரல் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை விலக்கும் குரல்.

பிறகு எதிர் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துச் சொன்னார். "ரெடி மாஸ்டர்."

அந்தக் காலத்துச் சண்டை மாஸ்டர் அவருக்கு அங்கே தெரிந்தார் போலிருக்கிறது.

ஓடிப்போய் இடுப்பைப் பிடிக்கலாம். எட்டுவதற்குள் அவர் சாய்ந்துவிட்டால்? "ஆக்‌ஷன்னு காதுல விழுந்தா குதிச்சிரணும். யோசிச்சா எலும்பு போயிரும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். இப்போது அதற்காகத்தான் காத்து நிற்கிறார். எந்தச் சத்தம் அவர் காதில் அப்படி விழும் என்று யாருக்குத் தெரியும்.

ரிமோட் அவள் கையில் இருந்தது. டிவியை நிறுத்தவும் பயமாக இருந்தது.

கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் மேலே பார்த்தார்.

அவர் வாய் திறந்தது.

கத்திவிடாதே சாமி, கத்திவிடாதே என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

டிவியில் இசை ஏறிக்கொண்டே போனது.

அப்பாவின் குதிகால் நாற்காலியிலிருந்து எழும்பியது.

சின்ன வயதில் அம்மாவோடு ஸ்டுடியோவுக்குப் போனால், ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் அவள் காத்துக்கிடப்பாள். அது காதில் விழுந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. விளக்கெல்லாம் அணையும். அப்பா வேஷம் கலைத்து அவளைத் தூக்க வருவார்.

உதவி இயக்குநர்கள் சொல்கிற மாதிரியே, அலுப்பும் அதட்டலுமாக அதைச் சொன்னாள். மகளின் குரல் துளிகூட வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

"பேக்கப்."

கைகள் இறங்கின.

குதிகால் இறங்கியது. சுவரிலிருந்த காலும் இறங்கியது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரைக்கு வந்தார். அவள் அவரை உள்ளே விட்டு, பால்கனிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். டிவியில் பறந்தவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பால்கனியைவிட அவளைப் பயமுறுத்தியது.

"நான் கெளம்பறேன் மேடம். வீட்ல கைக்கொழந்த இருக்கு. நான் போனாத்தான் தூங்கும்."

வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். மாட்டிக்கொண்டார். மகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவள் ஓடிப்போய்க் கதவில் முதுகை வைத்து நின்றாள். அப்பா என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"கொழந்த தூங்கிடுச்சாம் தணிகாண்ணே. இப்பதான் சொல்லி அனுப்பிச்சாங்க."

அவர் செருப்போடு அப்படியே நின்றார்.

"அழாம தூங்குச்சா மேடம்?"