மாடிக்குப் போன தண்ணீர்

“ஏய்யா அன்பரசு, காலையில இருபத்தேழரை டிகிரி. மதியம் இருபத்தேழு. வெயில்ல வச்சா தண்ணி குளுருமாய்யா?”

மேலாளர் ராம்குமார் நீச்சல் குளத்திலிருந்து வெப்பமானியைத் தூக்கிக் காட்டினார். மாசி மாதம்தான், ஆனாலும் சாத்தூர் வெயில் சிமெண்டுத் தரையில் கால் வைக்கவிடவில்லை.

“எங்க வீட்டு டேங்க்ல சும்மா கெடக்குற தண்ணியே கால் கழுவ முடியாமச் சுடுது. நீ மாடி பூராம் குழாயப் போட்டு ஐஸ் தண்ணி விடுதே!”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“அதத்தான் மூணு நாளாச் சொல்லுதே. சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் வருது. பிரிச்சு எறக்கிருவோம். குளத்தையும் மூடிருவோம்.”

அன்பரசன் குனிந்து குளத்து நீரில் கையை விட்டுப் பார்த்தான். பட்டாசு விபத்தில் வெந்தவர்களுக்கான மையம் அது. இறுகிப்போன தோலும் மூட்டும் வெதுவெதுப்பான நீரில்தான் வலியில்லாமல் இளகும். அதற்கு முப்பத்துமூன்று டிகிரி வேண்டும்.

அங்கே தங்கியிருக்கும் எட்டுப் பேரில் அவன் மனைவி இசைவாணியும் ஒருத்தி. வலது தோள் விலாவோடு ஒட்டிக்கொண்டதுபோல் இறுகிவிட்டது. இந்த மாதத்துக்குள் இளகாவிட்டால் கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் குளத்து நீரை வெயிலில் சூடாக்கும் இந்த வேலையை அவனே கேட்டு வாங்கினான்.

ராம்குமார் போனதும் பம்ப் அறைக்குள் நுழைந்து முதலிலிருந்து தொடங்கினான். பம்ப் குளத்து நீரை இழுக்கிறது, சரி. வடிகட்டியில் அடைப்பு இல்லை, சரி. அடுத்தது மூன்று வாய் வால்வு. மாடிச் சுவரில் திருகியிருக்கும் சென்சார் ‘மேலே சூடு இருக்கிறது’ என்று சொன்னால், வால்வு தானாகத் திரும்பி நீரை மாடிக்கு அனுப்பும். திரும்பித்தான் இருந்தது. மீட்டரில் மாடிச் சூடு நாற்பத்தாறு.

மாடியில் விரித்திருக்கும் கறுப்புப் பாய்களின் உள்ளே விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான குழாய்கள். நீர் அடிப்பக்கம் நுழைந்து, மெல்ல ஏறி, வெயிலை வாங்கிக்கொண்டு மேல்பக்கம் வெளியேறி, மறுபடி குளத்தில் விழ வேண்டும். உள்ளே காற்று மாட்டியிருந்தால் குளத்தில் குமிழி வரும். ஒரு குமிழிகூட இல்லை.

காலை ஏழு மணிக்கு மாடியேறியும் பார்த்திருந்தான். தளமெங்கும் கரிசல் தூசி. பாய்கள் மட்டும் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தன. ஒரு கீறலோ கசிவோ இல்லை.

இடது கையால் மாடிக்குப் போகும் குழாயைப் பிடித்தான். வலது கையால் திரும்பி வரும் குழாயைப் பிடித்தான். மூன்று நாளாகப் பிடித்துப் பிடித்துப் பார்க்கும் குழாய்கள்தான். வெயிலுக்குப் போன தண்ணீர் குளிர்ந்து வந்துகொண்டிருந்தது.

இந்தச் சூரிய வெந்நீர்ச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தாளில் படம் போட்டு விளக்கியிருந்தான். இசைவாணிக்கு மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் அவளே குளத்தில் இறங்கி, வெந்நீர் என்று வியக்கட்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தான்.

இப்போது வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம். ஏணியை இறக்கும் சத்தம். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் பம்பின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். எங்கே தப்பு என்று தெரிந்தால் சரிசெய்யலாம். தப்பே இல்லாததை என்ன செய்வது?

“இங்கனதான் இருக்கீகளா? சாப்பிடக்கூட வரலியே.”

வாசலில் இசைவாணி நின்றிருந்தாள். வலது கை வயிற்றோடு மடங்கிக் கிடந்தது. இடது கையில் தூக்குவாளி.

“பசிக்கல வாணி.”

“மொகமே சரியில்ல. அந்த மேனேசரு ஏசுனாரா? அந்தாளுக்கு வாயி மட்டும் பன்னெண்டு மணி வெயிலு.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “மாடியில நான் போட்டுருக்கேன்லா, அதெல்லாம் பிரிக்கப் போறாக. லாரி வந்துருச்சு.”

“எதுக்காம்?”

அவன் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தான். எதைச் சொல்வது? உன் கையைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றா? தலையைக் குனிந்துகொண்டான்.

இசைவாணி தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மாடிப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குத் தைரியம் சொல்வதுபோல் சொன்னாள்.

“கறுப்புச் சாமான் வெயில்ல கெடந்து சூடேறிரும்னுதான பயப்படுதாக? பட்டாசுக் கம்பெனி ஷெட்டுக்குப் போடுற மாதிரி, நான்தான் தெனமும் வெயில் ஏறுனதும் ஈரச்சாக்கு போட்டு மூடி, பொழுது சாயத்தான் எடுக்கேன்லா, அதச் சொல்லுங்க!”