பச்சை நட்சத்திரம்

"பேச ஆளே இல்லாத பாஷைக்கு எதுக்கும்மா ஒரு ரூமு?"

படிப்பகத்தின் செயலாளர் ஜம்புலிங்கம் செங்கல்பட்டில் பஸ் ஏறியதிலிருந்து இதையே கேட்டுக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியும் மனிதர் ஓயவில்லை.

"மகாபலிபுரத்துக்கு ஆளு வராரு சார். ஹாலந்துக்காரரு. சட்டையில இதே மாதிரி நட்சத்திரம் குத்தியிருப்பாரு," என்றாள் வச்சலா, தன் புடவைத் தோளில் குத்தியிருந்த பச்சைத் துணி நட்சத்திரத்தைத் தொட்டுக்காட்டி. எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியைப் பேசுகிறவர்களுக்கு உலகம் முழுக்க அதுதான் அடையாளம்.

"அவரு உன்னாண்ட அந்த பாஷையில பேசறத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா ரூமு உங்களுது. இல்லாங்காட்டி நாளைக்கே கேரம் போர்டு போட்டுருவேன்."

கேரம் ஆடப்போவது அவருடைய மச்சான். அது ஊருக்கே தெரியும்.

வச்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ்" என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தின் அந்த அறையில்தான் நாலு பேரோடு மல்லுக்கட்டிப் பேசுவாள். எழுபத்தொன்றில் எஸ்பெராந்தோ சங்கம் தொடங்கி மூன்று வருடமாக வாய்த்த அந்த ஒரு மணி நேரத்தை ஒரு கேரம் போர்டுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பின் சீட்டிலிருந்து தையற்கடை பஷீருதீன் தலையை நீட்டினார். நட்சத்திரங்களைத் தைத்தவர் அவர்தான். சங்கத்தில் அவளுக்குச் சரியான எதிராளியும் அவர்தான்.

"வரவரு கிட்டயே நம்ம வழக்க கேட்டுருவோம் வச்சலா. 'நல்ல மீனு', 'நல்ல மீனுங்க'ன்றோம். தமிழ்ல 'நல்ல' மாறுதா? எஸ்பெராந்தோல மட்டும் மீனு பத்தாச்சுன்னா 'நல்ல'வுக்கும் பன்மை போடணுமாம். அந்த விதிய தூக்கிப் போடணும்."

"நீங்க கோட்டு தைக்கற துணியிலதான பாய் பேன்ட்டும் தைக்கறீங்க? அதேதான் இது. விதின்னா விதிதான்."

"இத்தயேவா மூணு வருசமா பேசிகினு கீறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஜம்புலிங்கம்.

மகாபலிபுரத்தில் இறங்கியதும், "நீங்க டீ சாப்ட்டு வாங்க. நான் முன்னால போய் பாக்கறேன்," என்று வச்சலா விறுவிறுவென்று நடந்தாள்.

மற்ற இருவரும் கடற்கரைக் கோயிலுக்கு வந்தபோது அவள் ஒரு நெட்டை வெள்ளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையின் மேல் பச்சை நட்சத்திரம். அவள் கையை ஆட்டி ஏதோ கேட்டாள். அவர் இன்னும் வேகமாகக் கையை ஆட்டிப் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இப்படியே கால்மணி நேரம். பஷீருதீன் நடுவே வாயைத் திறக்கப்போக, அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

ஜம்புலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "நீயே வச்சுக்கோம்மா," என்று அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நிற்கப் பிடிக்காமல் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பஷீருதீன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அவரு பேசினதுல ஒரு வார்த்த கூட எனக்குப் புரியல வச்சலா. மூணு வருசமா தப்பாவே கத்துகினு இருந்திருக்கேன். எல்லா விதியும் நீ சொன்னதே சரின்னு வச்சுக்கோ. இனிமே நான் வரல."

"வராம? நீங்க இல்லன்னா நான் யாரோட பாய் சண்ட போடறது?"

சிரிக்க முயன்றவர் அப்போதுதான் அவள் தோளைக் கவனித்தார். "உன் நட்சத்திரம் எங்க?"

வச்சலா கைப்பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டினாள். நேற்று மாலை ஹாலந்துக்காரர் சென்னை ஓட்டலிலிருந்து அடித்தது. 'காய்ச்சல். வர இயலவில்லை. மன்னிக்கவும்.'

"அப்ப அந்த வெள்ளைக்காரரு யாரு?"

"யாருக்குத் தெரியும்? கோயில பாக்க வந்தவரு. அவரு பேசினது இன்னா பாஷையோ, எனக்கும் ஒரு வார்த்த புரியல," என்றாள் வச்சலா, சாவியை முந்தானையில் இறுக்கி முடிந்தபடி.