சூரியப் படகின் சத்தம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு டொக், டொக், டொக் என்று இருமத் தொடங்கியதும் கீர்த்திகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணமே சனம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. இருக்கை வாங்குகள் நிரம்பி, ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டும் வந்தார்கள்.

உண்மையில் அது வெயிலில் ஓடும் படகு. அதற்குச் சத்தமே கிடையாது. அதுதான் பெரிய கரைச்சலாகப் போயிற்று.

கொழும்புக் கம்பனி ஒன்று பழைய டீசல் படகொன்றை வாங்கி, கூரையில் சோலார் தகடும் வாங்குகளின் கீழே பற்றறியும் பூட்டி நயினாதீவுக்கு ஓடவிட்டிருந்தது. புகையில்லை, மணமில்லை, கடலில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாது என்று கம்பனி எஞ்சினியர் கீர்த்திகன் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தான். தீவுச் சனம் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற டீசல் படகில் ஏறிப் போனது.

“சத்தமில்லாத போட்டை எப்பிடித் தம்பி நம்புறது?” என்று நயினாதீவுக் கடைக்காரர் விநாயகமூர்த்தி முகத்துக்கு நேரேயே கேட்டார். “ஓடுதோ, நிண்டிட்டுதோ எண்டு ஆருக்குத் தெரியும்? அதோட, போட் சத்தம் கேட்டாத்தான் என்ர மனுசி உலையை வைப்பா. உம்மட போட்டில வந்தா நான் பட்டினியெல்லோ கிடக்கவேணும்!”

கேட்டு நின்றவர்கள் சிரித்தார்கள். கீர்த்திகனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத முடிவுக்குள் படகு நிரம்பாவிட்டால் அதைத் தெற்கே ஒரு ஹோட்டலின் குளத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகக் கம்பனி சொல்லியிருந்தது. படகு போனால் அவனும் அதன் பின்னாலேயே போகவேண்டியதுதான். கலியாணம் முடித்துப் புளியங்கூடலில் கட்டிய வீட்டுக்கு இப்போதுதான் கதவு போட்டிருந்தான்.

அந்த நெருக்கடியில்தான் யோசனை பிறந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று படகின் அடியில் கழற்றாமல் விட்டிருந்த பழைய எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்தான். ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைச் சாக்கால் மூடி, படகோட்டி உதயனின் காலடியில் வைத்தான்.

“வெளிக்கிடேக்க இதைப் போட்டுவிடுங்கோ அண்ணை. சனம் தன்ர பாட்டில ஏறும்.”

“சூரியனுக்குக் குரல் குடுக்கிறீர் போல” என்று உதயன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெட்டியோடு ஓடவிருந்த முதல் நாள். அன்றைக்கென்று கம்பனியின் முகாமையாளர் கஜாலினி கொழும்பிலிருந்து நேரில் பார்க்க வந்துவிட்டாள். கிழமை முழுக்க மூடிக் கிடந்த வானம் நல்ல காலத்துக்கு அன்று காலைதான் வெளித்திருந்தது. கீர்த்திகன் அவளை வரவேற்க ஓடும்போது உதயன் குறுக்கே வந்தான்.

“தம்பி, ஒருக்கா இஞ்சால வாரும். பற்றறி விசயமா ஒரு கதை…”

“பிறகு கதைப்பம் அண்ணை, மேடம் வந்திட்டா! எனக்குச் சத்தம் வரவேணும், அவ்வளவுதான்.”

“சத்தம்தானே? அது வரும்” என்று சொல்லிவிட்டு உதயன் படகுக்குத் திரும்பினான்.

சொன்னபடி வந்தது. விநாயகமூர்த்தி முதலாம் வாங்கில் அமர்ந்து, “இதெல்லோ போட்!” என்று மடியில் தாளம் போட்டார். கஜாலினி பெட்டி விஷயத்தைக் கீர்த்திகன் சொல்லி முன்பே அறிந்தவள். வாங்கில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கி நடுங்கி விளிம்புக்கு நகர்வதைக் கண்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஒரு சின்னப் பெட்டிக்குள்ளயிருந்தோ இவ்வளவும் வருது?” என்று கீர்த்திகனின் காதோடு கேட்டாள்.

“யாழ்ப்பாணத்தில தேடி வாங்கினது மேடம். நல்ல சாமான்” என்றான் அவன் பெருமையோடு.

நடுக்கடல் வந்தது. கஜாலினி நிறைந்திருந்த வாங்குகளை இன்னொருமுறை பார்த்தாள். “சரி கீர்த்திகன், போட் இங்கேயே ஓடட்டும். நீங்களும் இங்கேயே இருங்கோ. அந்தப் பழைய எஞ்சினை இனிக் கழட்டி வித்துப்போடலாம்.”

கீர்த்திகனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு, கதவு, மனுசி எல்லாம் ஒன்றாய் நினைவில் வந்தன. அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வென்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? வாங்கின் மேல் ஏறி நின்று கையைத் தட்டினான்.

“எல்லாரும் கேளுங்கோ! இது எஞ்சின் சத்தம் எண்டுதானே நினைச்சு ஏறினனீங்கள்? இது வெறும் பெட்டிச் சத்தம்! கரையிலயிருந்து இவ்வளவு தூரமும் நாங்கள் வெய்யிலிலதான் வந்தனாங்கள்!”

படகே வாயைப் பிளந்தது. “சும்மா புழுகாதையும்!” என்று விநாயகமூர்த்தி எழுந்துவிட்டார்.

“புழுகோ? இப்ப பாருங்கோ ஐயா. உதயன் அண்ணை, சத்தத்தை நிப்பாட்டுங்கோ!”

டொக், டொக், டொக்.

“நிப்பாட்டுங்கோ எண்டுறன் அண்ணை! எல்லாரும் பார்க்கட்டும்!”

உதயன் பிடரியைச் சொறிந்தான். கஜாலினியைப் பார்த்தான், கூரைத் தகட்டைப் பார்த்தான், கடைசியில் கீர்த்திகனைப் பார்த்தான்.

“நிப்பாட்டினா போட்டும் நிண்டிடும், தம்பி.”