ஒற்றைக் கை ஆட்டம்

“திருட்டு கேம் ஏத்தித் தர மாட்டேன் சார். அதுக்கு வேற கடை பாருங்க.”

மேஜைமேல் வைத்த கையடக்க கேம் கருவியைப் பார்த்ததுமே கடைக்காரப் பெண் சொல்லிவிட்டாள். ரிப்பேர் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில் அவளுக்கு ‘ஸ்க்ரூ அக்கா’ என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம்.

“கேமெல்லாம் காசு கொடுத்து வாங்கினதுதாம்மா. பட்டனை மட்டும் மாத்தணும்” என்றார் வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது கை மடியில் அப்படியே கிடந்தது.

“பக்கவாதம் வந்து இந்தக் கை விழுந்துடுச்சு. வெளியூர்ல இருக்கிற பொண்ணு தினமும் சாயந்திரம் என்கூட இதுல விளையாடுவா. அவ பேசுறதே அப்பதான். மூணு மாசமா ஆட்டமும் இல்லை, பேச்சும் இல்லை.”

ஸ்க்ரூ அக்காவின் குரல் இறங்கியது.

“வலது பக்கத்து வேலையெல்லாம் இடது பக்கத்துப் பட்டனுக்கு வரணும், அவ்வளவுதானே? கம்பெனி சாஃப்ட்வேர்ல அது நடக்காது. அதைத் தாண்டி நம்ம சாஃப்ட்வேரைப் போடணும்.”

“முடியுமா?”

“என்ன சார், இப்படிக் கேட்டுட்டீங்க? கை இல்லாதவங்க, விரல் மடங்காதவங்கன்னு நூறு பேருக்கு மேல போட்டுக் கொடுத்தாச்சு.” கருவியைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். “பழைய மாடல். பொழச்சீங்க. புதுசுல வழியை அடைச்சுட்டாங்க.”

கருவியின் ஓரத்தில் இருந்த உலோகப் பின்களுக்கு நடுவே மெல்லிய கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாள்.

“வால்யூம் பட்டனை இப்பவே விட்டுடாதீங்க” என்றார் அவர்.

“வீடியோ பாத்துட்டு வந்து எனக்கே பாடமா?”

“பாடமில்லைம்மா. இதுக்கு ரெண்டு கை வேணும். இல்லைன்னா வீட்லயே முடிச்சிருப்பேன்.”

திரை இருண்டு, மறுபடி விழித்தது. தன் சாஃப்ட்வேரை ஏற்றி, வலது பக்கத்து வேலைகளை இடது பட்டன்களுக்கு மாற்றினாள். ஸ்க்ரூ அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“இந்தக் கம்பெனிக்காரன் எட்டுப் பூட்டு போட்டிருக்கான் சார். ஆனா பூட்டு போட்டவன் சரியான தூங்குமூஞ்சி. இவ்ளோ பெரிய ஓட்டையை அடைக்க மறந்துட்டான்.”

“அதுக்காக அவனை வேலையை விட்டே தூக்கிட்டாங்க.”

“நல்லா வேணும். வாங்கின சம்பளத்துக்குக் கவனமா இருக்க வேண்டாமா?”

அவர் இடது கையால் கருவியை வாங்கி மகளுக்கு அழைப்பு அனுப்பினார். ‘அப்பா, நிஜமாவா? இதோ வரேன்’ என்று உடனே பதில் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

“அவரை வேலையை விட்டுத் தூக்கினது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“அந்தத் தூங்குமூஞ்சி நான்தாம்மா.”

ஸ்க்ரூ அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பட்டனை மாத்திக்கிற வசதி கொடுங்கன்னு கை முடியாதவங்க எத்தனையோ பேர் எழுதினாங்க. எல்லாக் கடிதத்தையும் தூக்கிட்டு மேலதிகாரிகிட்டப் போனேன். பத்துப் பேருக்காகப் பண்ண முடியாதுன்னு குப்பையில போட்டாங்க.”

திரையில் மகள் வந்துவிட்டாள். அவருடைய இடது கட்டைவிரல் ஆட்டத்தைத் தொடங்கியது.

“ஓட்டையை அடைக்க நான் மறக்கலைம்மா.”