பகலில் யார் இருப்பார்கள்

அந்தக் கேள்வி எப்போது வரும் என்று ஜெனிட்டா காத்திருந்தாள்.

இசக்கி இன்னும் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில்தான் இருந்தாள். தெருவில் கிடக்கும் நாய்க்குட்டிகளை எடுத்துத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறவள். கொடுக்கும் முன் ஒரு வாரம் விட்டுப் பார்ப்பாள். ஏழாம் நாள் வந்து உட்கார்ந்து, கேள்வித்தாளை நிரப்பி, சரிப்படுமா என்று முடிவு செய்வாள்.

இன்று ஏழாம் நாள். ஞாயிற்றுக்கிழமை.

குட்டி சோபாவிலிருந்து தாவி, சுவரை உரசிக்கொண்டு அடுப்படி வரை ஓடி, அதே வேகத்தில் திரும்பி வந்தது. சிப்பிப்பாறை வேட்டைநாயும் வேறெதுவோவும் கலந்த நான்கு மாதக் குட்டி. உடம்பில் பாதி காலாகவே இருந்தது.

மூன்றாவது மாடி. இரண்டே அறை. அது ஓடி முடிப்பதற்குள் வீடு முடிந்துவிடுகிறது.

பட்டாசு என்று பெயர் வைத்தவள் மகள் ஷைனி. நாலாம் வகுப்பு. தரையில் உட்கார்ந்து, ஓடி வரும் குட்டியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். கண் மட்டும் அம்மாவிடம்.

கணவன் பொன்ராஜ் ஜன்னலோரம் நின்றான். அவனுடைய கம்பெனி ஷூவில் ஒன்றைக் குட்டி கடித்துக் குதறிய அன்று, அனுப்பிவிடலாம் என்று ஒருமுறை சொன்னான். அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாதது இன்னும் மோசமாக இருந்தது.

"காலையில யாரு நடக்கக் கூட்டிட்டுப் போவாக்கா?" என்று கேட்டாள் இசக்கி.

"நான்தான்."

அது உண்மை. ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று மாடி இறங்கி, மைதானத்தை நாலு சுற்று. அப்புறம் சமையல், டிபன் பாக்ஸ், பஸ், ஆஸ்பத்திரி லேப். வெள்ளிக்கிழமை ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டும்போது கண் செருகி, இரண்டு பெயரை மாற்றி ஒட்டப் போனாள். கடைசி நொடியில் கவனித்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை.

இசக்கி பக்கத்தைத் திருப்பினாள்.

"பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

வந்துவிட்டது.

நேற்று முழுக்க ஷைனி கெஞ்சியதற்கு, சரி, சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு பொய்.

"எங்க மாமியார் இருப்பாங்க."

மாமியார் நாசரேத்தில் இருக்கிறார். இந்த வீட்டுப் படியேறி மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.

பொன்ராஜ் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இசக்கி எழுதிக்கொண்டாள். பிறகு ஷைனியிடம் குனிந்தாள்.

"பட்டாசு தனியா இருந்தா என்ன செய்யும், பாப்பா?"

தனியாக விடுவதே இல்லை என்று சொல்ல ஜெனிட்டா வாயெடுத்தாள். ஷைனி முந்திக்கொண்டாள். குட்டிக்கு நல்ல பேர் வாங்கித் தர வேண்டும் அவளுக்கு.

"ஒரு சேட்டையும் செய்யாதுக்கா. கதவுக்குப் பக்கத்துலேயே உக்காந்துக்கிடும். படியில யாராவது ஏறுனா எந்திரிக்கும். ரெண்டாவது மாடியில சத்தம் நின்னுட்டுன்னா மறுபடியும் உக்காந்துக்கிடும். பெல் அடிச்சா மூச்சே விடாது. கரண்ட் போனா மட்டும் கொஞ்சம் பயப்படும். உள் ரூமுக்குப் போகாது. கரண்ட் வந்த பெறவுதான் பாத்ரூமுக்கே போகும்."

இசக்கியின் பேனா நின்றது.

பெல் அடித்தால் மாடியே அதிரக் குரைக்கிற குட்டி அது.

அது வந்த இந்த ஏழு நாளில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை.

மூன்றரைக்குப் பள்ளி வேன். இரண்டாம் வகுப்பிலிருந்தே ஷைனிதான் பூட்டைத் திறந்து உள்ளே வருவாள். லேப் முடிந்து ஜெனிட்டா வந்து சேர ஏழரை. தூத்துக்குடியிலிருந்து பொன்ராஜ் வர எட்டு தாண்டும். சமர்த்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது என்று லேபில் எல்லோரிடமும் அவள் சொல்வதுண்டு.

ஷைனி குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சொல்லிவிட்ட நிறைவு முகத்தில்.

"எழுதினத அடிச்சிரு, இசக்கி." ஜெனிட்டாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலிருந்தது. "எங்க மாமியார் இங்க இல்ல. பகல்ல யாரும் கிடையாது."

இசக்கி கோபப்படவில்லை.

"சின்னக் குட்டிதானே, அக்கா. மூணு மணி நேரத்துக்கு மேல தனியா கெடந்தா ஏங்கிரும்."

மூலைக்கரைப்பட்டி பக்கம் ஒரு தோட்ட வீடு கேட்டிருக்கிறார்களாம். எந்நேரமும் ஆளிருக்கும். ஓட இடமுண்டு. அங்கே கொடுக்கலாமா என்று கேட்டாள்.

சரி என்று ஜெனிட்டா தலையசைத்தாள்.

"நீ சொல்லுதேன்னு சொன்னேல்லாம்மா," என்றாள் ஷைனி.

அழவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குட்டி அந்தக் கதவைப் பிறாண்டியது. இசக்கி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும்போது, மூன்று மாடிக்கும் அதன் குரல் கேட்டது.

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்.

"இதுதான் சரி," என்றான் பொன்ராஜ். "நமக்கு எங்க நேரம்?"

ஜெனிட்டா போனை எடுத்து, லேபில் ஷிப்ட் போடுகிற சாந்தி மேடத்தை அழைத்தாள்.

காலை ஷிப்ட் வேண்டும் என்றாள். ஏழிலிருந்து மூன்று. நாளையிலிருந்தே.

பொன்ராஜ் புரியாமல் பார்த்தான். நாய்தான் போய்விட்டதே.

சாந்தி மேடத்துக்கு ஆச்சரியம். காலை ஷிப்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

"என்ன ஜெனிட்டா, திடீர்னு? வீட்டுல யாருக்கும் முடியலையா?"

"ஆமா மேடம்."

"அப்படியா. எத்தன நாளா?"

அவள் சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா," என்றாள்.