எஸ்தரின் வளையம் சிவந்தபோது

தூத்துக்குடிக் கடற்கரையில் ஷகிலா இலவசமாக நடத்தும் 'முத்துத்துறைப் போர்' என்னும் நாடக விளையாட்டில் யார் வேண்டுமானாலும் வேடம் கட்டலாம். பார்வையற்றவர்கள் வருவார்கள், சக்கர நாற்காலியிலும் வருவார்கள். எல்லோர் கையிலும் ஒரு வளையம் இருக்கும். நடிப்புப் பயத்தை அது கண்டுகொள்ளாது. மெய்யாகவே பயந்தால்தான் சிவக்கும். யாருடையது சிவந்தாலும் ஷகிலா விசில் ஊதுவாள்; ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அவருக்குத் துணையாக நிற்க வேண்டும்.

அன்று கொள்ளைக்காரியாக வந்த எஸ்தர், அட்டை வாள்களுக்கு நடுவே சிரித்தபடி பாய்ந்தாள். வளையம் சிவக்கவில்லை.

சாலையோரம் கார் வந்து நின்றது. அவள் கணவன் இறங்கி, "போதும், வா" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

வளையம் சிவந்தது.

புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் தலையிடலாமா என்று ஷகிலா தயங்கினாள். ஆனாலும் விசிலை ஊதினாள். வாள்களைப் போட்டுவிட்டு எல்லோரும் எஸ்தரைச் சூழ்ந்து நின்றார்கள்.

"எம் பொண்டாட்டியக் கூப்பிட நான் யார்ட்ட கேக்கணும்?" என்று அவன் பாய்ந்து வந்தான்.

"அவங்கட்டதான்" என்றாள் ஷகிலா.

"நான் வரல. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் எஸ்தர்.

அவன் நெருங்கினான். யாரும் வழி விடவில்லை. கார் கிளம்பிப் போன பிறகுதான் எஸ்தர் வாய்விட்டு அழுதாள்.